படத்தில் இல்லாத காட்சி

அரங்கின் விளக்குகள் எரிந்தபோது அவளுடைய கன்னம் ஒரு தோளின் மேல் இருந்தது.

நல்ல தோள். தலையணை மாதிரி மெத்தென்று இல்லாவிட்டாலும், அசையாத தோள். இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாமே என்று கண்ணை மறுபடி மூடப் போனவளுக்குச் சட்டென்று உறைத்தது... இது யாருடைய தோள்?

துள்ளி நிமிர்ந்தாள்.

பக்கத்து இருக்கையில் ஒருவன். நீலச் சட்டை. மூக்குக்கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... சிரிக்கட்டுமா, வேண்டாமா என்று அவளிடமே அனுமதி கேட்பது போல. சட்டையின் தோள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

அவள் அவசரமாக வாயோரத்தைத் துடைத்தாள். ஐயோ... அந்த ஈரம்...

"சா... சாரிங்க..."

"பரவாயில்ல," என்றான் அவன் மெதுவாக. "வெளியிலயும் மழைதான்."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது அவளுக்கு.

காலையிலிருந்து பிசியோதெரபி கிளினிக்கில் நின்ற கால். ஊராரின் முழங்காலையும் முதுகையும் மடக்கி நீட்டி, 'இங்க வலிக்குதா, இங்கயா' என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, நேராக இங்கே வந்திருந்தாள். அக்காவின் கட்டளை அப்படி. அக்கா திரைப்படச் சங்கத்தின் செயலாளர். "கூட்டமே வராதுடி சின்னு, நீயாவது முதல் வரிசையில வந்து உட்காரு," என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள். வீட்டில் சின்னுவுக்கு இன்னொரு பெயரும் உண்டு. தூங்குமூஞ்சி. எந்தப் படம் போட்டாலும் திரையில் பெயர்கள் ஓடும்போதே குறட்டை கேட்கும்.

இன்றைக்காவது விழித்திருக்க வேண்டும் என்று தன்னைத்தானே கிள்ளிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். படம் தொடங்கியது. ஒரு பெண்... கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கிறாள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது. முதலில் கணுக்கால் வரை. பிறகு முழங்கால், இடுப்பு... அவளோ அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு ஒரு சின்னப் படகில் போய் வருகிறாள். யாராவது வந்தால் தரை காய்ந்து கிடக்கிறது. அவர்கள் போனதும் மறுபடி தண்ணீர். எது நிஜம், எது அவள் மனசுக்குள் நடப்பது... படம் சொல்லவே இல்லை.

அந்தத் தண்ணீர்ச் சத்தமே சின்னுவுக்குத் தாலாட்டாகிப் போனது.

இப்போது மேடையில் கலந்துரையாடல் தொடங்கியிருந்தது. சங்கத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தத் தண்ணீர் என்பது காலம்!" என்றார். தாடி வைத்த ஒருவர் எழுந்து, இல்லை, அது அரசாங்கம் என்றார். "எனக்கென்னவோ குழாய் ரிப்பேர்னுதான் தோணுது," என்று பின்வரிசையில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அக்காவின் முகம் வாடிப்போனது. பாவம், இந்தப் படத்தை வரவழைக்க எத்தனை நாள் அலைந்தாள்...

அக்காவின் கண்கள் அங்குமிங்கும் தேடி, தங்கையின் மேல் வந்து நின்றன. "முதல் வரிசையில ஒருத்தங்க ரொம்ப நேரமா ஆழமா யோசிச்சுட்டு இருக்காங்க. அவங்களைக் கேப்போம்."

பக்கத்து நீலச் சட்டை லேசாக இருமியது.

மைக் கைக்கு வந்துவிட்டது. என்ன சொல்வது? அவள் மனசில் மிச்சமிருந்ததைத் தடவித் தடவி எடுத்தாள். படகு... ஈரச் சுவர்... அப்புறம்... ஆமாம், அந்தக் கதவு!

"எனக்கு... அந்தப் பக்கத்து வீட்டுக் காட்சிதான் பிடிச்சது," என்றாள். "தாங்க முடியாம ஒருநாள் அவ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவா இல்லையா... உங்க வீட்லயும் தண்ணி இருக்கான்னு கேப்பா. அந்த வீட்டுக்காரம்மா பதில் சொல்ல மாட்டாங்க. ஆனா அவங்க உடுப்போட ஓரம் நனைஞ்சிருக்கும். அதை மெதுவா பிழிஞ்சு விட்டுட்டுக் கதவைச் சாத்திக்குவாங்க. எல்லார் வீட்லயும் தண்ணி இருக்கு... யாரும் வெளிய சொல்லிக்கிறதில்ல. அவ்வளவுதான் இந்தப் படம்னு எனக்குத் தோணிச்சு."

பின்வரிசைக்காரர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் மட்டும் தயங்கி, "அது எந்த இடத்துல வந்துச்சு?" என்றார்.

எந்த இடத்தில்? மனசுக்குள் மறுபடி தடவிப் பார்த்தாள். எந்த இடத்தில்...

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. நீலச் சட்டை எழுந்து நின்றான்.

"கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி வந்துச்சுங்க. நானும் பார்த்தேன்."

"அதானே!" என்றார் தலைவர் உடனே. "அதுதான் படத்தோட உயிர்நாடி. நானே சொல்லலாம்னு இருந்தேன்."

கைதட்டல். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கைதட்டியவர்கள் எல்லோரும் தங்களுக்குள், 'நாம எப்படி இதைக் கவனிக்காம விட்டோம்' என்று யோசித்துக்கொண்டிருந்தது சின்னுவுக்குத் தெரியாது.

மழை விடவில்லை. அரங்கின் வாசலில் ஒதுங்கி நின்றவளின் பக்கத்தில் அவனும் வந்து நின்றான். அவளே முதலில் பேசினாள்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. நல்லவேளை நீங்களும் அந்தக் காட்சியைக் கவனிச்சீங்க."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி மாட்டினான். மறுபடி கழற்றினான்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே... அந்தக் காட்சி படத்துல இல்லைங்க."

"என்னது?"

"பக்கத்து வீடே இல்ல. நீங்க... அப்போ தூங்கிட்டு இருந்தீங்க."

மழைச் சத்தம் ஒரு கணம் நின்றுபோனது போலிருந்தது. அப்படியானால்... கனவா? கனவையா மைக் பிடித்து அத்தனை பேர் முன்னால்...? அவமானம் காதுமடல் வரை சூடாக ஏறியது. ஏறிய வேகத்தில் கோபமாகவும் மாறியது.

"அப்புறம் எதுக்கு நீங்க பார்த்தேன்னு சொன்னீங்க?"

"நீங்க சொல்லும்போது பார்த்தேனே... அப்படியே கண்ணு முன்னாடி."

"கேலி பண்றீங்களா? நீங்க சும்மா இருந்திருந்தா, தெரியாம உளறிட்டேன்னு அங்கேயே முடிஞ்சிருக்கும். இப்போ நான் பொய்க்காரி!"

"நான் உதவி செய்யலாம்னு..."

"யாரு கேட்டா உங்க உதவியை?"

நனைந்துகொண்டே தெருவில் இறங்கி நடந்தாள். வீடு போய்ச் சேர்ந்ததும் அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இன்னைக்குத்தான்டி நீ முழிச்சிருந்தே! தலைவர் இதுவரைக்கும் என்னை டீ ஏற்பாடு பண்றவளா மட்டும்தான் பார்த்தாரு. இன்னைக்கு வந்து கை குலுக்கிட்டுப் போறாருடி."

'அக்கா... அது வந்து...' வார்த்தை தொண்டைக்குழி வரை வந்து, அங்கேயே நின்றது.

மறுநாள் மாலை. கிளினிக்கில் கடைசி நோயாளி. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கழுத்து வலியா? எப்படி வந்துச்சு?"

"ஒரு படம் பார்த்தேங்க..."

எண்ணெய்க் கிண்ணம் கை நழுவப் பார்த்தது. அதே கண்ணாடி. அதே கண்கள். இவளைப் பார்த்ததும் அவையும் திடுக்கிட்டு விரிந்தன. தெரிந்து வரவில்லை என்று சத்தியம் செய்தன.

"ஆடாம அசையாம உட்கார்ந்துட்டேன்," என்றான் தலையைத் திருப்ப முடியாமல். "அதுல பிடிச்சுக்கிச்சு."

"எழுப்பியிருக்கலாமே!"

"எழுப்பத்தான் நினைச்சேன். நீங்க தூக்கத்துல ஏதோ முனகினீங்க... அழற மாதிரி இருந்துச்சு. அப்புறம் எழுப்ப மனசு வரல."

அவள் அவன் கழுத்தின் முடிச்சைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே.

"ஆ...!"

"வலிக்குதா?"

"இல்லீங்க... சுகமா இருக்கு. உசிர் போற மாதிரி சுகம்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பயனில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான்... சிரித்ததில் கழுத்து வலித்து மறுபடி "ஆ" என்றான்.

அடுத்தடுத்த நாட்களும் வந்தான். கடைவீதி முனையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கூட அம்மா. பகலெல்லாம் மற்றவர் கண்ணைச் சோதிக்கும் வேலை. "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கான்னு நாள் பூரா கேட்டுட்டு இருப்பேன். அதான், எதுவுமே தெளிவா இல்லாத படமா தேடிப் போய்ப் பார்க்கிறேன். ஒரு ஆறுதல்," என்றான். அவள் மனசுக்குள் அவனுக்கு 'கண்ணாடிக்காரர்' என்று பெயர் வைத்தாள். அவன் வரும் நேரத்தில் திரைச்சீலையை இரண்டு தடவை சரிசெய்தாள். ஏன் செய்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள், அவன் குப்புறப் படுத்திருந்தபோது, முகம் தெரியாத தைரியத்தில் சொன்னாள். போன வருடம் அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. பையனுக்கு வேறு யாரையோ பிடித்திருந்ததாம். ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை. அக்கா கூட, அந்தப் பக்கமே போகாமல் சினிமா பேசுவாள்.

அவன் தலையை உயர்த்தவில்லை. "அப்போ... அந்தத் தண்ணி உங்க வீட்டுத் தண்ணியா?" என்றான்.

அவள் விரல்கள் நின்றுபோயின. யாரும் கேட்டிராத கேள்வி. கண்ணில் நீர் முட்டியது.

"அக்காகிட்ட சொல்லிடுங்களேன்," என்றான் அவன். "கனவுன்னு சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

"சொல்றேன். நாளைக்குச் சொல்றேன்."

ஆனால் மறுநாள் வேறு செய்தி வந்தது. படத்தின் இயக்குநரே இந்த ஊருக்கு வருகிறாராம். படத்தை மறுபடி திரையிட்டு, அவர் முன்னால் சின்னு பேச வேண்டுமாம். ஏற்பாடு முழுக்க அக்காவின் கையில். அக்கா தரையில் நிற்கவில்லை. சின்னுவுக்கோ, காலுக்குக் கீழே தரையே இல்லை.

அரங்கத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. கழுத்து குணமாகிவிட்டதைக் கொண்டாட ஒரு டீ... அப்படித்தான் அவன் அழைத்திருந்தான். வெறும் டீதான் என்று அவளும் வந்திருந்தாள். வெறும் டீக்கு எதற்குப் புது உடுப்பு என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். "நான் ஒண்ணு கேக்கணும்னு..."

"சின்னு!"

அக்கா. கூடவே தலைவர். இருவரும் அரங்கத்திலிருந்து தெருவைக் கடந்து வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அந்தக் காட்சி படத்துல இல்லடி. பேசறதுக்குக் குறிப்பு எடுக்கலாம்னு இப்போ மறுபடி போட்டுப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரின்னு ஒரு ஆளே கிடையாது!"

"டைரக்டர் முன்னாடி நம்ம மானம் கப்பலேறியிருக்கும்," என்றார் தலைவர். "என்னம்மா இது?"

சொல்லிவிடு என்றது மனசு. இதோ, இப்போது சொல்லிவிடலாம். 'தூங்கிட்டேன் அக்கா.' இரண்டே வார்த்தை. ஆனால் அக்காவின் கண்கள்... 'நீ அப்படிச் செஞ்சிருக்க மாட்டே, இல்லடி?' என்று கெஞ்சும் கண்கள்...

"நான்... நடுவுல போன் வந்துச்சுன்னு வெளிய போயிருந்தேன்," என்று தன் வாய் பேசுவதைத் தானே கேட்டாள். "திரும்பி வந்ததும், என்ன நடந்துச்சுன்னு... இவர்தான் சொன்னார்."

டீ கிளாஸைப் பாதி தூக்கியிருந்த அவன் கை அப்படியே நின்றது.

அவன் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஆமாங்க," என்றான் அக்காவிடம். "நான்தான் சொன்னேன். அவங்க மேல தப்பு இல்ல."

"பெரிய மனுஷன் மாதிரி எழுந்து நின்னு சாட்சி வேற சொன்னீங்களே!" தலைவர் கொதித்தார். "இனிமே எங்க சங்கத்துப் பக்கம் வராதீங்க."

அவன் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, தெருவோரமாக நடந்து போனான். குணமான கழுத்துதான். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "நல்லவேளைடி. ஒரு நிமிஷம் உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுடுடி, தூங்குமூஞ்சி."

அந்த மன்னிப்பு... சாட்டையடி கூட அப்படி வலித்திருக்காது.

அன்றிலிருந்து அவளுக்குக் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. தலை வாரும்போது கூடச் சுவரைப் பார்த்து வாரினாள். கிளினிக்கில் ஒரு பெரியவர், "உன் கை பட்டாலே வலி போயிடுதும்மா, நல்ல மனசு," என்றபோது, ஓடிப் போய்க் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல மனசா... இதுவா...

பொறுக்க முடியாமல் ஒரு மாலையில் கடைவீதி முனைக்குப் போனாள். கடையில் அவனுடைய அம்மா மட்டும் இருந்தார். உருண்டை முகம், நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி.

"கிளினிக்ல இருந்தா வரீங்க? கழுத்து பார்த்த பொண்ணா?" என்று அவளுடைய கிளினிக் கோட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார். "வாம்மா, உக்காரு. உன்னைப் பத்தி நிறையச் சொல்லுவான். இப்போ கொஞ்ச நாளா எதுவுமே சொல்றதில்ல... படத்துக்கும் போறதில்ல. ஏன்டான்னா, கண்ணு வலிக்குதுங்கறான். கண்ணாடிக் கடைக்காரனுக்குக் கண்ணு வலியாம்!"

அந்த அம்மாவின் சிரிப்பு அவள் மேல் தணலாக விழுந்தது. உள்ளேயிருந்து அவன் வந்தான். அவளைப் பார்த்ததும் கடைக்காரனாக நின்றான்.

"சொல்லுங்க. கண்ணு டெஸ்ட் பண்ணணுமா?"

"மன்னிச்சுடுங்க," என்றாள். அம்மா டீ போட உள்ளே போயிருந்தார். "நான் செஞ்சது ரொம்ப... ரொம்ப அசிங்கம்."

அவன் கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழி எனக்குப் பெரிசில்லீங்க. அதை நானேதான் ஏத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணு... பழி போட்டது எல்லார் முன்னாடியும். மன்னிப்பு மட்டும் யாரும் இல்லாதப்போவா?"

வந்த வழியே திரும்பி நடந்தாள்.

இயக்குநர் வந்த அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. நரைத்த குட்டை முடியும் கசங்கிய கால்சட்டையுமாக, மேடையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண்மணி. பக்கத்தில் அக்கா, வேர்த்து விறுவிறுத்து. இருட்டில் சின்னு முதன்முதலாக அந்தப் படத்தை முழுவதும் பார்த்தாள். தூக்கம் வரவில்லை. தூக்கமெல்லாம் அந்த டீக்கடையோடு போய்விட்டிருந்தது.

படம் முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் நகைச்சுவை பொங்கியது அவருக்கு.

"அம்மா, உங்க படத்துக்கு எங்க ஊர்ல ஒருத்தர் புதுசா ஒரு காட்சியே எடுத்துச் சேர்த்துட்டார்! கடைவீதியில கண்ணாடிக் கடை. ஊருக்கே பார்வை குடுக்கறவர். ஆனா அவர் பார்த்தது இல்லாத காட்சி! முதல்ல அவர் கண்ணைத்தான் யாராவது டெஸ்ட் பண்ணணும்!"

கொல்லென்று சிரித்தது அரங்கம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. யாரோ மைக்கை நீட்டினார்கள்.

"அவர் எதுவும் சேர்க்கலைங்க," என்றாள். "சேர்த்தது நான்தான்."

சிரிப்பு அறுந்தது. மேடையில் அக்கா உறைந்து போனாள். அக்காவைப் பார்க்காதே, பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும் என்று இயக்குநரையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னைக்கு நான் படத்தைப் பார்க்கவே இல்ல. தூங்கிட்டேன். பக்கத்துல இருந்த அவர் தோள்ல சாஞ்சு தூங்கினேன். யாருன்னே தெரியாது... எழுப்பாம உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி என் கனவு. நிஜமாவே படத்துல வந்துச்சுன்னு நினைச்சுத்தான் சொன்னேன். அப்புறம் இல்லைன்னு தெரிஞ்சும் மறைச்சேன். மாட்டிக்கிட்டதும் அவர் மேல பழி போட்டேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லல." மைக்கை மற்றொரு கைக்கு மாற்றினாள். "எனக்கு வெட்கமா இருக்கு. ஆனா அவரைப் பார்த்து நீங்க சிரிக்கிறதைக் கேக்கறது அதைவிடக் கஷ்டமா இருக்கு."



இயக்குநர் காலை ஆட்டுவதை நிறுத்தினார். "என் படத்துல தூங்கினவங்க நிறையப் பேர்," என்றார். "ஒத்துக்கிட்டது நீங்கதான் முதல் ஆளு. இன்னைக்கு முழிச்சிருந்தீங்களா?"

"ம்."

"என்ன புரிஞ்சுது?"

"ஒண்ணும் புரியலைங்க," என்றாள் உண்மையாக. "ஆனா அந்தப் பொண்ணு படகை நிறுத்திட்டு, தண்ணியில கைய விட்டு எதையோ தேடுவாளே... அப்போ தொண்டை அடைச்சுது. எதைத் தேடறான்னு தெரியல."

"எனக்கும் தெரியல," என்றார் இயக்குநர். "அதைத் தெரிஞ்சுக்கலாம்னுதான் படமே எடுத்தேன்."

தலைவர் மட்டும், "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்," என்று முணுமுணுத்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

வராந்தாவில் அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தாள். அக்காவின் கண்கள்தான் கலங்கியிருந்தன.

"ஏன்டி... என்கிட்ட கூடவா சொல்லத் தோணல?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே அக்கா. அதைக் கெடுக்க..."

"உன் கல்யாணம் நின்னப்பவும் இப்படித்தான். நான் வருத்தப்படுவேன்னு நீ சிரிச்சே. நீ சிரிக்கிறேன்னு நான் சினிமா பேசினேன்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு பேரும் நல்லா நடிச்சோம்டி. போதும்."

சின்னு அக்காவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். போகட்டும்.

"சரி, அழுதது போதும்," என்று அக்கா அவளை விலக்கி நிறுத்தினாள். "ஊருக்கெல்லாம் சொல்லிட்டே. அந்த மனுஷனுக்கு யார் சொல்றது? போடி."

மழை தூறிக்கொண்டிருந்தது. ஓடினாளா, நடந்தாளா... கடைவீதி முனையில் வந்து நின்றபோது கூந்தலிலிருந்து நீர் சொட்டியது. கடையில் விளக்கு எரிந்தது. அவன் ஒரு கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்தவன் அவளுடைய கோலத்தைப் பார்த்துத் திகைத்தான்.

"என்னாச்சுங்க?"

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்," என்றாள் மூச்சிரைக்க.

"என்ன சொன்னீங்க?"

"எல்லாம். தூங்கினேன்னு... கனவுன்னு... பழி போட்டேன்னு... உங்க தோள்ல சாஞ்சிருந்தேன்னு..."

திருகாணி கீழே விழுந்து உருண்டது. "தோள்லன்னுமா?"

"ம்."

"மைக்லயா?"

"மைக்ல."

அவன் முகத்தில் இத்தனை நாள் காணாமல் போயிருந்த சிரிப்பு, முதலில் கண்ணோரத்தில் எட்டிப் பார்த்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை. இரண்டு பேரும் பைத்தியங்கள் மாதிரி சிரித்தார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் அவன் குனிந்து திருகாணியைத் தேடி எடுத்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் அவள் தரையைப் பார்த்து. "அதை மட்டும் மைக்ல சொல்லல."

"ம்...?"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு." விரல்கள் மேசை விளிம்பைச் சுரண்டின. "நீங்க என்னை வெறுத்தா கூடச் சரிதான். நான் செஞ்சதுக்கு அதுதான் நியாயம். ஆனா இதையும் மறைச்சு வைக்க என்னால முடியாது."

நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள்... எந்தத் திரையும் இல்லாமல், நேராக, ஈரமாக...

"அப்போ நானும் ஒண்ணு ஒத்துக்கணும்," என்றான். "அன்னைக்கு உங்களைக் காப்பாத்தத்தான் எழுந்து நின்னேன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. அது பாதிதான். நீங்க திரும்பி என்னை ஒரு தடவை பார்க்கணும்னுதான் எழுந்தேன். அந்தப் பொய்யை ஆரம்பிச்சு வச்சது என் சுயநலம். உங்க மேல கோவப்படவும் எனக்கு வெட்கமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் அன்னைக்குக் கடையில அப்படி வீம்பு பிடிச்சேன்."

"டீக்கடையில ஏதோ கேக்கணும்னீங்களே..." என்றாள் மெல்ல.

"இதைத்தான். என்னைப் பிடிச்சிருக்கான்னு."

அவள் முகம் சிவந்து போய்த் திரும்பிக்கொண்டாள். இதுவும் வெட்கம்தான். ஆனால் இத்தனை நாள் நெஞ்சை அரித்தது போல இல்லை இது... இதை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

உள்ளேயிருந்து பாத்திரச் சத்தத்தோடு அம்மாவின் குரல் வந்தது. "பேச்சுக் குரல் கேக்குதே... யாருடா இந்த மழையில? கடை சாத்தற நேரம்னு சொல்லி அனுப்புடா!"

அவன் அவளைப் பார்த்தான். நம்ம விஷயத்தைச் சொல்லட்டுமா என்று புருவத்தால் கேட்டான். அவள் குனிந்தபடியே, சரி என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

"கடைக்கு வந்தவங்க இல்லம்மா," என்றான் அவன். "வீட்டுக்கு வந்தவங்க."